ஹாஸ்டல் வெயிலும் பதினைந்து நாள் கணக்கும்!

பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று. ஸ்வீட் வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாயிற்று. பெட்டி, படுக்கை, வாளி, மக், பூட்டு என்று பட்டியல் போட்டு வாங்கி, ஊறுகாய் பாட்டிலைப் பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்தும் ஆயிற்று. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பிய நான்காம் நாள் போன் வருகிறது.

"அம்மா, எனக்கு இங்க பிடிக்கலைம்மா... எப்பவும் தலைவலி. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ராத்திரி தூக்கமே இல்லை. கிளாஸ்ல போய் உட்கார்ந்தா கண்ணு சொருகுது."

அவ்வளவுதான். வீடே கலங்கிப் போகிறது! 'பாவம், வீட்டு ஏக்கம்' என்கிறார் அம்மா. 'எல்லாம் போகப் போகச் சரியாயிடும், இப்படியே செல்லம் கொடு' என்கிறார் அப்பா. 'கண்ணு பட்டிருக்கும்' என்று மிளகாயை எடுக்கிறார் பாட்டி. இதில் அம்மா சொல்வது ஓரளவு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மூன்று பேருமே யோசிக்காத இன்னொரு ஆசாமி இருக்கிறார். அவர்தான் வெயில்!

தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை, பகலில் அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல்... இவை எல்லாம் புது ஊரின் வெப்பத்துக்குப் பழகாத உடம்பு கொடுக்கும் அறிகுறிகள். வீட்டு ஏக்கமும் இதே அறிகுறிகளோடுதான் வரும். சிக்கலே இங்கேதான். ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டு, 'இந்த காலேஜே நமக்குச் சரிப்படாது' என்று நாலு நாளில் ஒரு பிள்ளை முடிவுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். உடம்பு பழக ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

உதாரணத்துக்குச் சென்னை ஐ.ஐ.டி.யையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி 600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற வளாகம். காவேரி, கோதாவரி, நர்மதா, தப்தி என்று ஹாஸ்டல்களுக்கு நதிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். (அந்தப் பெயரிலாவது கொஞ்சம் ஜில்லென்று இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!) மெயின் கேட்டில் இறங்கி ஹாஸ்டல் பகுதிக்குப் போவதென்றால் இரண்டு கிலோமீட்டர் வரும். உள்ளே பஸ் ஓடுகிறது, பெரும்பாலான மாணவர்களுக்கு சைக்கிள் இருக்கிறது. என்றாலும் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து லேபுக்கு, லேபிலிருந்து மெஸ்ஸுக்கு, திரும்ப வகுப்புக்கு என்று ஒரு நாளில் சேரும் தூரம் சாதாரணமல்ல. வீட்டு வாசலில் பள்ளி வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்கிய பிள்ளை இது. இரண்டு வருடம் நுழைவுத் தேர்வுக்காக மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே படித்த பிள்ளை வேறு. திடீரென்று ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் அதைக் கொண்டுபோய் இறக்குகிறோம். உடம்பு என்ன செய்யும் பாவம்?

என்ன செய்யும் என்று பார்ப்போம். நம் உடம்பின் உள் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ், அதாவது நமக்குப் பழக்கமான 98.6 ஃபாரன்ஹீட். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே இந்த அளவைக் காப்பாற்றியாக வேண்டும். வெயிலில் அதற்கு இருக்கிற பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியாகிப் போனால், உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கூடவே அழைத்துப் போய்விடும். 'ஆவியாகி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையாலும், கைக்குட்டையால் துடைத்தெடுத்த வியர்வையாலும் இந்தப் பலன் கிடைக்காது.

சென்னையின் கஷ்டம் இதுதான். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சாதாரணமாக 34, 35 டிகிரிதான். 2003-ம் வருடம் மே மாதக் கடைசியில் 45 டிகிரியைத் தொட்ட ஊருக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக மாட்டேன் என்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, உடம்பு மட்டும் குளிர்வதில்லை. பெங்களூரிலிருந்தோ குன்னூரிலிருந்தோ வந்த பிள்ளைக்கு இந்த 35 டிகிரியே போதும், மடக்கிப் போட்டுவிடும்!

வடக்கே போகிற நம் பிள்ளைகளுக்கு வேறு விதமான சோதனை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எல்லாம் படிக்கிறவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டிய உலர்ந்த வெயில் காத்திருக்கிறது. காசிப் பக்கம் 'லூ' என்று ஒரு அனல்காற்று வீசும். அங்கே வியர்வை கண்ணுக்கே தெரியாது. வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். 'எனக்கு வேர்க்கவே இல்லையே' என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தோல் மேல் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று புரியும். உலர்ந்த ஊர்களில் தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் பிரமாதமாக வேலை செய்யும். அதே கூலரைச் சென்னைக்குத் தூக்கி வந்தால் புழுக்கம்தான் கூடும். வாங்கும்முன் யோசியுங்கள்.

சரி, அந்தப் பதினைந்து நாள் கணக்கு என்ன?

புது வெப்பத்துக்குப் போன முதல் நாளிலிருந்தே உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பிக்கிறது. முதல் நாலைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் முன்போலப் படபடவென்று அடித்துக்கொள்வதில்லை. அடுத்து, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது. பிறகு ஒரு அதிசயம் பாருங்கள்... வியர்வையில் போகும் உப்பின் அளவை உடம்பே குறைத்துக்கொள்கிறது! இத்தனையும் நடந்து முடிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் மைதானத்தில் ஓடு, குதி என்றால் உடம்பு தாங்காது. அதற்காக இரண்டு வாரமும் ஏ.சி. அறைக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தாலும் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தைக் காட்டினால்தான் பழகும்.

வெயிலில் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான். அடுத்தடுத்த நாள்களில் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஃபுட்பால் டீமில் சேர்கிற பையனுக்கும், என்.சி.சி. பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கும் இதே கணக்கைச் சொல்லலாம். முதல் வாரமே சீனியர்களோடு மாலை நாலு மணி வெயிலில் பத்து ரவுண்டு ஓடிக் காட்ட வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். 'புதுசா வந்திருக்கேன், மெதுவா சேர்ந்துக்கறேன் சார்' என்று பயிற்சியாளரிடம் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஆனால் வீட்டிலேயே, சாரி, பாத்ரூமிலேயே ஒரு லேபரட்டரி இருக்கிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. எலுமிச்சை நிறத்தைத் தாண்டி நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால், அல்லது காலையில் போனவர் மாலைவரை போகவே இல்லையென்றால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் மஞ்சளாகத்தான் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் பையில் இருக்கட்டும். தாகம் எடுத்தபின் மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடிப்பதைவிட, வகுப்புக்கு வகுப்பு நாலு வாய் குடிப்பது நல்லது. மெஸ்ஸில் மோர் கிடைத்தால் விட வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸ், இளநீர் இவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குத் தேவையான உப்பு சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். உப்பு மாத்திரையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆனால் 'பசிக்கலை' என்று மெஸ்ஸுக்கே போகாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பவருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். தண்ணீரும் வேண்டும், சாப்பாடும் வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் மட்டும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரே லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக்கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் விகிதப்படி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆரஞ்சுப் படம் போட்ட இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு.

பெண்களைப் பெற்றவர்கள் இதை அவசியம் மகளிடம் பேசுங்கள். வகுப்பு நடக்கிற கட்டடத்தில் டாய்லெட் எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்குமா என்ற தயக்கத்தில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பெண்கள் நிறைய பேர். விளைவு? நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். வருடக்கணக்கில் தண்ணீரைக் குறைத்தால் ஆண், பெண் யாராக இருந்தாலும் சிறுநீரகக் கல்லுக்கு வழி. சேர்ந்த முதல் இரண்டு நாளில் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள்... தான் போய்வருகிற வழியில் நல்ல டாய்லெட்டும் குடிநீர்க் குழாயும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வது. லைப்ரரி எங்கே என்பதைவிட முதலில் தெரிய வேண்டியது இதுதான்!

அடுத்தது உடை. ஜீன்ஸைத் தடை செய்ய நம்மால் முடியாது. ஆனால் வாரம் முழுக்க அதே ஜீன்ஸ், அதுவும் ஈரம் காயாமல் என்றால் தொடையிடுக்கில் படர்தாமரை நிச்சயம். ஹாஸ்டலில் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் துண்டு, துணி மூலமாகப் பரவும். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமல், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவுகிறார்கள். அந்த க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பிறகு முன்னைவிட இரண்டு மடங்காகப் படரும். சாதாரணமாகக் குணமாக வேண்டியது மாதக்கணக்கில் இழுத்துவிடும். கேம்பஸ் ஆஸ்பத்திரி டாக்டர் இதைவிட எத்தனையோ பார்த்திருப்பார், கூச்சப்படாமல் காட்டச் சொல்லுங்கள். லூஸான பருத்திச் சட்டை, பருத்தி உள்ளாடை, இரண்டு வேளைக் குளியல், தனித் துண்டு. வேர்க்குருவுக்கும் இதுவே மருந்து. பவுடரை அப்பி அப்பித் துவாரங்களை அடைப்பதில் பிரயோஜனமில்லை.

குடை பிடிக்க நம் பையன்களுக்கு என்னதான் கௌரவக் குறைச்சலோ தெரியவில்லை! வானிலைச் செய்தியில் சொல்கிற டிகிரி நிழலில் அளந்தது. நடு ரோட்டில் நிற்கிறவர் மேல் விழுவது அதற்கும் மேலே. சென்னை ஐ.ஐ.டி. மாதிரி ஆலமரமும் காடுமாக இருக்கிற இடத்தில் மர நிழலாவது உண்டு. எல்லா வளாகத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ராத்திரித் தூக்கம்தான் பெரிய பிரச்னை. மொட்டை மாடிக்குக் கீழே அறை கிடைத்துவிட்டால், பகலெல்லாம் குடித்த வெயிலை காங்கிரீட் இரவெல்லாம் கக்கும். மின்விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை, தோல் மேல் இருக்கும் ஈரக் காற்றைத் தள்ளி வியர்வையை ஆவியாக்குகிறது, அவ்வளவே. அதனால் படுக்கும்முன் ஒரு குளியல் போட்டு, உடம்பை முழுக்கத் துடைக்காமல் லேசான ஈரத்தோடு விசிறிக்கு அடியில் படுத்தால் வித்தியாசம் தெரியும். பகலில் வெயில் அடிக்கிற ஜன்னலுக்குத் திரை போட்டு வைப்பதும், இரவில் திறந்துவிடுவதும் நல்லது. கொசுவலை கட்டாயம். வாளியில் நாள்கணக்கில் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது, டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். அது பகலிலும் கடிக்கிற கொசு. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

மான், குரங்கு நடமாடுகிற வளாகம் என்றால் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரே குஷி! பார்க்கலாம், ஊட்டக் கூடாது. கையில் தின்பண்டத்தைக் கண்டுவிட்ட குரங்கு லேசில் விடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபீஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். 'சின்னக் கீறல்தானே' என்கிற பேச்சே கூடாது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். இதை மகனையும் மகளையும் மட்டுமல்ல, அவர்களின் ரூம்மேட்டையும் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஏனென்றால் ஆபத்து வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள் அல்ல, அந்த ரூம்மேட்தான்!

வெயிலில் நின்றவருக்குத் தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை, தசைப்பிடிப்பு என்றால் உடம்பு களைத்துவிட்டது. நிழலுக்கு அழைத்துப்போய், காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுத்தால் அரை மணியில் தேறிவிடுவார். ஆனால் பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நடை தள்ளாடுகிறது, வலிப்பு, மயக்கம் என்றால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்'. உடம்பு 40 டிகிரி, அதாவது 104 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கொதிக்கும். 'வியர்வை நின்றிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விளையாடும்போது விழுகிற இளைஞருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டேகூட இருக்கலாம்.

அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிரவைக்க ஆரம்பித்துவிட வேண்டும். நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, வாளி வாளியாக உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாரசிட்டமால் இதற்குப் பயன்படாது.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிற பிள்ளை என்றால் கிளம்பும்முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில வகை ஜலதோஷ மாத்திரைகளும், மனநல மருந்துகளில் சிலவும் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்தால் மருந்தே நஞ்சாகும் அளவுக்கு ரத்தத்தில் ஏறலாம். தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. பிள்ளையைச் சேர்க்கப் போகிற அப்பா அம்மாக்களும் கவனியுங்கள். பி.பி.க்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிட்டுவிட்டு அட்மிஷன் க்யூவில் மணிக்கணக்கில் நின்றால் மயக்கம் உங்களுக்குத்தான் முதலில் வரும்!

இப்போது மறுபடி அந்தக் கேள்வி. வெயிலா, வீட்டு ஏக்கமா? நிழல், தண்ணீர், குளியல், ஒரு நல்ல தூக்கம் கிடைத்த நாளில் மனசும் தெளிகிறது, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைகிறது என்றால் பெரும்பங்கு வெயில். மூன்று வாரத்துக்கு மேலும் சாப்பாடு வேண்டாம், வகுப்பு வேண்டாம், யாரோடும் பேச வேண்டாம் என்று அறையிலேயே கிடந்தால், போனை எடுப்பதே இல்லையென்றால் வெயில் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 'இப்படி மனசு கஷ்டப்படறது எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணா, டாக்டர்கிட்ட பேசலாமா?' என்று கேளுங்கள். கல்லூரி கவுன்சிலரிடம் போகச் சொல்லுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. நாள் முழுக்க எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். 'செத்துப் போகணும் போல இருக்கு' என்று விளையாட்டாகச் சொன்னால்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அன்றைக்கே கிளம்பிப் போங்கள். லீவு, டிக்கெட் எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. இத்தனை பாடுபட்டு உடம்பு கற்றுக்கொண்ட பாடம் நிரந்தரமல்ல. குளிர்ச்சியான இடத்துக்கு வந்து ஒரு வாரம் ஆனாலே மறக்கத் தொடங்கி, மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் மறந்தே போய்விடும். மே, ஜூன் லீவுக்கு ஊட்டியிலோ பெங்களூரிலோ இருந்துவிட்டு, ஜூலையில் 'நான்தான் சீனியர் ஆச்சே' என்று இறங்கின அன்றைக்கே மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்துதான். அடுத்த தடவை பெட்டி கட்டும்போது குடையையும் தண்ணீர் பாட்டிலையும் ஊறுகாய்க்கு மேலே, சட்டென்று கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.